கையுறையின் அழுக்கு

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். தன் கண்ணால் பார்க்காத கம்பிக்கும் தன் கையால் தொடாத பிரேக்குக்கும் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்று சொல்லிச் சொல்லியே, கூட வேலை செய்தவர்களின் காதைப் புளிக்க வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தன் வீட்டுப் பின்கதவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் கையுறையைக் கதவுக் கீலில் தேய்த்து அழுக்காக்கிக்கொண்டிருந்தார். உள்ளே மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

அந்தக் கையுறையைப் பற்றிச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். அது குளிருக்குப் போடுகிற ரகமில்லை. உள்ளே பஞ்சு திணித்து, விரல்களுக்குத் தனித்தனி இடம் வைக்காமல், மணிக்கட்டில் ஓர் ஒட்டுப்பட்டையோடு தைத்தது. பக்கவாதம் வந்து ஒரு கை முடங்கியவர்களுக்குச் சிகிச்சைக்கூடத்தில் கொடுப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதை மாட்டுவது முடங்கிய கையில் இல்லை, நல்ல கையில். நல்ல கையைக் கட்டிப் போட்டால்தான் மற்றது வேலைக்கு வரும். வீட்டில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்ய ஒரு ஆள் இருந்தால் இன்னொருவர் துரும்பைக்கூட நகர்த்துவதில்லையே, அதே நியாயம்தான். நோயாளிகள் அதற்கு வைத்திருந்த பெயர் பொட்டலம்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் அவள் கட்டிங் மாஸ்டர். எட்டு மடிப்புத் துணியைக் கோடு பிசகாமல் ஒரே ஓட்டமாக வெட்டுவாள். அங்கே தைக்கிற பெண்கள் அவளுக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கைக்கு வைத்த பெயரா, வாய்க்கு வைத்த பெயரா என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஒரு நாள் மத்தியானம் வெட்டுகிற மேஜை மேலேயே சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின. கால் மெல்லத் திரும்பிவந்தது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்தாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவளுக்கு அரை நிமிஷம் ஆகும், சில சமயம் ஒரு நிமிஷம். வலது கையில் விரல்கள் கொஞ்சம் திறந்தன, மூடின. ஆனால் சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

அந்த நான்கு மாதத்தில் அவள் பிசியோதெரபிஸ்டிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “வெட்ட… முடியுமா?” முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பெண் பூசி மெழுகவில்லை. விரல் திறக்கிற கைக்கு வழி உண்டு, ஆனால் உழைக்க வேண்டும், அதுவும் முதல் ஆறு மாதத்துக்குள் உழைப்பதுதான் உழைப்பு என்றாள். அதற்குத்தான் மூன்று வாரப் பயிற்சி, அதற்குத்தான் பொட்டலம்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது அந்தச் சிகிச்சைக்கூடத்து வழக்கம். காலையில் இரண்டு மணி நேரம் அங்கே. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை வீட்டில். அந்த நேரம் முழுக்க நல்ல கையில் கையுறை இருக்கும். குளிக்கும்போதும், சூடான பாத்திரத்தைத் தொடும்போதும், படியேறும்போதும் மட்டும் கழற்றலாம். நோயாளியும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டில் கூட இருப்பவரும் போட வேண்டும். அவள் இடது கையால் ஒரு கோணல் கோடு இழுத்தாள். நம் லிஃப்ட்காரர் தாளை இரண்டு முறை படித்து, ஒரு சந்தேகமும் கேட்டு, தன் பேர்போன கையெழுத்தைச் சுழித்துப் போட்டார். தன் கையெழுத்துக்கு உலகத்தில் என்ன மரியாதை என்பதைப் பிசியோவிடம் ஐந்து நிமிஷம் விளக்கவும் செய்தார்.

முதல் நாள் மத்தியானமே அந்த மரியாதை காற்றில் பறந்தது.

அவள் வலது கையால் ஸ்பூனைப் பிடித்தாள். பிடிக்கவே எட்டு முறை முயன்றாள். தட்டிலிருந்து வாய்க்கு ஒரு முழம் தூரம்தான். அந்த ஒரு முழத்தில் சாப்பாடு மடியில் விழுந்தது, தரையில் விழுந்தது, கைக்கு அண்டை கொடுத்திருந்த தலையணையில் விழுந்தது. பொட்டலம் கட்டிய இடது கை பழக்க தோஷத்தில் ஓடி வந்து தட்டில் மோதியது. அரை மணி நேரத்தில் நான்கு வாய் போயிருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை. அவள் நிறுத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஐந்தாவது வாய்க்குக் குனிந்தாள். அவரால்தான் பொறுக்க முடியவில்லை. கிட்டே போய், ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரித்துக் கையுறையை உருவிவிட்டு, ஸ்பூனைத் தான் வாங்கிக்கொண்டார். “இன்னிக்கு மட்டும். நாளையிலேர்ந்து ஒழுங்கா செய்யலாம்” என்றார்.

நாளை என்பது எவ்வளவு வசதியான நாள் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் நாள் அரை மணி நேரம் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கால் மணி. ஒரு வாரம் போனதும், பன்னிரண்டு மணிக்கு மாட்டுவதும் பன்னிரண்டே ஐந்துக்குக் கழற்றுவதும் என்று ஆனது. பத்தாம் நாள் அவளே இடது கையை நீட்டினாள், கழற்றிவிடச் சொல்லி. அது அவருக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. இனிமேல் தான் மட்டும் குற்றவாளி இல்லை என்று நினைத்துக்கொண்டார். கையுறையை மடித்து ஜன்னல் மேடையில் வைப்பார். மறுநாள் காலை சிகிச்சைக்கூடத்துக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொள்வார்.

அவள் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை என்பது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். பொய்யில்லை, பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் நினைத்துப் பார்க்கவே பயந்தார். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவளுக்கு அவர் எதற்கும் தேவைப்பட்டதில்லை. வீட்டை நடத்தியது அவள், மகளைப் படிக்க வைத்தது அவள், சண்டை போட வேண்டிய இடத்தில் போட்டது அவள், சமாதானம் பேச வேண்டிய இடத்தில் பேசியது அவள். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் தூக்கி நிறுத்துகிறவர் சொந்த வீட்டில் உதிரிபாகம் என்று அவளே வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அவர் ஸ்பூனை எடுத்தால் அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள். பித்தான் போட அவர் வேண்டும், தலைவார அவர் வேண்டும். மகள் தொலைபேசியில், “நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா என்னப்பா ஆகியிருப்பாங்க” என்று அழுதாள். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே ஒரு முள்ளும் குத்தியது. அவர் நிறைவை மட்டும் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமைதான் வினை வந்தது. சிகிச்சைக்கூடத்தில் அவர்களுக்குப் பக்கத்து மேஜை ஒரு லாரி டிரைவருடையது. அவருக்கும் வலது கைதான், அவருக்கும் அதே மூன்று வாரம்தான். டிரைவர் கோலிக்குண்டுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இடது கைப் பொட்டலத்தைப் பார்த்தால் வண்டிக்கு அடியில் விரிக்கிற சாக்கு மாதிரி இருந்தது. விரல் நுனிப்பக்கம் கறுத்து, ஒரு ஓரம் கிழிந்து, சிவப்பு நூலால் இரண்டு இடத்தில் தைத்து, உள்ளங்கை முழுக்கக் குழம்புக் கறை. டிரைவரின் மனைவி சுவரோரம் உட்கார்ந்து, கணவர் தவறவிடுகிற குண்டுகளுக்கெல்லாம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கஷ்டமாக இல்லையா என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு, “நான் ஊட்டிவிட்டா இவருக்குக் கை எதுக்கு இருக்குங்கறதே மறந்துடும், அண்ணே” என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பிசியோ வந்தாள். டிரைவரின் கையுறையைப் பார்த்து, “இந்த அழுக்குக்குத்தான் நான் மார்க் போடறது” என்று சிரித்தாள். பிறகு இவர்கள் மேஜையில் மாட்டுவதற்காக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தாள். அது பொதி பிரித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே பளிச்சென்றிருந்தது. துவைத்தீர்களா என்று கேட்டாள். ஆமாம், நேற்றுதான் துவைத்தேன் என்றார் அவர். அப்படித் தேய்மானமே தெரியாமல் துவைக்க வராது என்று அவருக்கே தெரியும். பிசியோ அடுத்த நோயாளியிடம் நகர்ந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலைக் கீல் விவகாரத்துக்குக் காரணம் இதுதான். இந்த வேலைக்கு அவரைவிடத் தோதான ஆள் உலகத்திலேயே கிடையாது. எந்தப் பொருள் எங்கே தேயும், எவ்வளவு தேயும் என்பதைப் படித்தே சம்பாதித்தவர். விரல் நுனிப்பக்கம் கீல் எண்ணெய். முட்டிப்பக்கம் சிமெண்டுச் சுவரில் நாலு இழுப்பு. உள்ளங்கையில் ஆறின டீ. மணிக்கட்டுப் பக்கம் அரத்தால் இரண்டு நூலை மட்டும் கிளப்பிவிட்டார். மூன்றாவது நூலைக் கிளப்பினால் செயற்கையாகத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால், கம்பியைச் சோதிக்காமலேயே மேலாகப் புதுக் கிரீஸைத் தடவிவிட்டுச் சோதித்ததாக எழுதிய ஒரு சக தொழிலாளியைக் கையும் களவுமாகப் பிடித்து மேலதிகாரியிடம் நிறுத்தியவர் இவர். அந்த மனிதனுக்கு வேலை போயிற்று. நியாயம்தானே என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். அரத்தைக் கீழே வைக்கும்போது அந்த மனிதனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

காலையில் அவள் கையில் அதை மாட்டியபோது, அவள் குனிந்து மோந்து பார்த்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஊன்றுகோலைத் தேடப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கடைசிப் பரீட்சை. நடுவில் தடுப்பு வைத்த ஒரு மரப்பெட்டி. ஒரு பக்கம் நிறையச் சின்னக் கட்டைகள். ஒரு நிமிஷத்தில் எத்தனை கட்டையைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. முதல் நாள் டிரைவர் ஐந்து, இவள் ஆறு. அன்றைக்கு டிரைவர் பத்தொன்பது. அவர் மனைவி கைதட்டினாள். இவள் ஏழு.

பிசியோ மறுபடியும் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் ஏழு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளிக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த அழுக்குக் கையுறையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிளம்பியிருந்த நூலை விரலால் தடவினாள்.

“அம்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள். “எவ்வளவு உழைச்சிருக்கீங்கன்னு இதைப் பார்த்தாலே தெரியுது. இவ்வளவு உழைச்சும் ஒரு கட்டைதான் கூடியிருக்குன்னா, நான் நெனச்சதைவிட உள்ள பாதிப்பு அதிகம். இனிமே இந்தக் கைய நம்பி உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாது. ஒரு கையால எல்லாம் செஞ்சுக்கக் கத்துத் தரேன்.”

திங்கட்கிழமையிலிருந்து அந்த மேஜை வேறொரு நோயாளிக்கு என்றும் சொன்னாள். திங்கட்கிழமை அது பளிச்சென்றிருந்தது துவைத்ததால்தான் என்றும், தான் சொன்னது சரி என்றும் அவள் முழுசாக நம்பினாள். நம்பும்படி செய்திருந்தார் கைதேர்ந்த வேலைக்காரர்.

கட்டிங் மாஸ்டர் தலை நிமிர்ந்தாள். கையுறையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். “இ… இது…” என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் தொண்டையில் உருண்டுகொண்டிருந்தது. இன்னும் அரை நிமிஷம் கொடுத்தால் வந்திருக்கும்.

“அவ சோர்ந்துட்டா மேடம். நாங்க கிளம்பறோம்” என்றார் அவர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை பேருந்தின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று இரவு அவர் ஊட்டியதைச் சாப்பிட்டாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அலமாரியைக் காட்டினாள். அவர் திறந்தார். அடித் தட்டைக் காட்டினாள். துணியில் சுற்றிய அவளுடைய கத்தரிக்கோல் அங்கே இருந்தது. ஒரு முழ நீளம், நல்ல கனம். கட்டைவிரல் வளையத்தில் விரல் நோகாமல் இருக்கத் துணிநாடா சுற்றியிருந்தாள். அது வழுவழுப்பாகி, அவள் விரலின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தத் தேய்மானத்தை எந்தக் கீலிலும் தேய்த்து வாங்க முடியாது.

“பட்டறை… பொண்ணுங்க…” என்றாள். பிறகு நெடுநேரம் தேடி, “குடுத்துடுங்க” என்றாள்.

அவர் சரியென்று தலையாட்டினார். பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோழைக்கு இது ஒரு நல்ல வேலை. கொடுத்துவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துபோகும். கை போயிற்று, கத்தரிக்கோலும் போயிற்று, இனி யார் எதைக் கிளறப் போகிறார்கள்? பட்டறை வாசல்வரை போய்விட்டார்.

வாசல் காவலாளி அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். மாஸ்டர் எப்போது வருகிறார் என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள், “அவங்க மேஜைய இன்னும் யாருக்கும் குடுக்கல சார். தெனமும் யாராவது ஒருத்தி தொடச்சு வெக்கறா” என்றார்.

அங்கிருந்தபடியே உள்ளே பார்த்தால் அந்த மேஜை தெரிந்தது. மேலே ஒன்றும் இல்லாமல், துடைத்து வைத்திருந்தது. அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பினார். வந்த வழியே நான்காவது நிறுத்தத்தில் சிகிச்சைக்கூடம். இறங்கினார்.

பிசியோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், அந்த டப்பாவைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்: முதல் நாள் ஸ்பூன், பன்னிரண்டே ஐந்து, துவைத்தேன் என்ற பொய், கீல், டீ, அரம். எத்தனை நூல் கிளப்பினார் என்பதுவரை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவள் டப்பாவை மூடினாள்.

“அந்த அம்மாகிட்ட உங்க கை அவ்வளவுதான்னு என் வாயால சொல்ல வெச்சுட்டீங்களே, சார்” என்றாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: போன மூன்று வாரத்தைத் திரும்பப் பிடிக்க முடியுமா? முடியாது என்றாள். இந்த மாதங்களில் மூளை புது வழி தேடிக்கொண்டிருக்கும், கை எதைச் செய்கிறதோ அதற்குத்தான் வழி போடும், மூன்று வாரம் அது சும்மா கிடந்தது, அது போனதுதான். ஆனால் வழி அடைத்துவிட்டது என்று தான் சொன்னது தவறு. இன்னும் திறந்திருக்கலாம், எவ்வளவு என்று வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். அந்த மேஜையைத் திங்கட்கிழமை வருகிறவருக்குக் கொடுத்தாயிற்று, அதைப் பிடுங்க மாட்டேன் என்றும் சொன்னாள். பிறகு, மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே கால்வரை தன் சாப்பாட்டு நேரம், அந்த நேரத்தில் தினமும் அழைத்து வரட்டும் என்றாள்.

அவர் கை கூப்பினார். அந்தக் கைகளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. அலமாரியிலிருந்து புதுக் கையுறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இத மாட்டறதுக்கு முன்னால அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும். நான் சொல்ல மாட்டேன்.”

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. பக்கத்து வீட்டம்மா விடைபெற்றுப் போனாள். மேஜைமேல் தட்டு மூடி வைத்திருந்தது. மனைவி சாப்பிடாமல் இருந்தாள். அவர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். “குடுக்கல?” என்றாள்.

அவர் எதிரே உட்கார்ந்தார். பேருந்தில் வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றும் அடுக்கினபடி வரவில்லை. மேடம் சொன்னது தப்பு, தப்பாகச் சொல்ல வைத்தது தான் என்றார். கையுறை அழுக்கு எப்படி வந்தது என்று சொன்னார். பிறகு, யாரிடமும் சொல்லாத அந்த மீதிப் பாதி வாய்க்கு வந்துவிட்டது.

“நீ கஷ்டப்படறதப் பாக்க முடியலேன்னுதான் கழட்டினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது மட்டும் இல்ல. நீ வாயத் தொறந்து எனக்காகக் காத்துக்கிட்டிருந்தியே, அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. உனக்கு நான் வேணும்னு ஆசையா இருந்துச்சு. அதுக்குத்தான் உன் கைய நான் எடுத்துக்கிட்டேன்.”

அவள் அழுதாள். சத்தமில்லை, கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. இடது கையால் மேஜையை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். தட்டின் மூடி எகிறி விழுந்தது. அவள் உதடு அசைய ஆரம்பித்தது. ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. பழக்கத்தில் அவர் நாக்கின் நுனிக்கு நாலு சொல் வந்து நின்றது, அவளுக்காக எடுத்துக் கொடுக்க. பல்லைக் கடித்துக்கொண்டார். காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று முழுசாகச் சுற்றியது.

“நேத்து… என் வாய… அடச்சீங்க” என்றாள்.

கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னாள். நாற்பது பெண்களை ஒற்றை வாயால் கட்டி மேய்த்தவளுக்கு, மிச்சமிருந்த இரண்டு சொல்லையும் அவர் தட்டிப் பறித்தது எவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “ஆமா” என்றார். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்டால் அவள் தரவேண்டியிருக்குமே என்று கூச்சமாக இருந்தது.

அவள் இடது கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அதே கையை நீட்டினாள். அவர் புதுக் கையுறையை மாட்டி, ஒட்டுப்பட்டையை அழுத்தினார். அவள் ஜன்னல் மேடையைக் காட்டினாள். பழைய கையுறை அங்கே கிடந்தது. அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். குப்பையில் போடச் சொல்வாள் என்று நினைத்தார்.

“நீட்டுங்க” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அவர் நீட்டினார்.

அவள் தன் வலது கையை மேஜைமேல் நகர்த்திக் கொண்டுவந்தாள். விரல்கள் நடுங்கித் திறந்தன, கையுறையின் ஓரத்தைத் தொட்டன, நழுவின. மறுபடியும் தொட்டன. பொட்டலம் கட்டிய இடது கையால் அதை அழுத்திக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் கவ்வி, அவர் விரல்மேல் ஏற்றினாள். பாதி ஏறி நின்றது. குனிந்து பல்லால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். முதல் நாள் மாதிரியே நெற்றியெல்லாம் வியர்த்தது. அவருடைய இடது கை தானாக எழுந்து உதவிக்கு வந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். பட்டறையில் கோணலாகத் தைத்தவளைப் பார்க்கிற அதே பார்வை. அவர் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒட்டுப்பட்டை மட்டும் ஐந்து முறை தவறியது. ஆறாவது முறை அவள் கட்டைவிரல் அதை நிறுத்தி அழுத்தியது. பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு அவள் ஸ்பூனை எடுத்தாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. முதல் வாய் மடியில் விழுந்தது, இரண்டாவது தரையில், மூன்றாவது மோவாய்வரை போய் அங்கிருந்து விழுந்தது. நான்காவது உள்ளே போயிற்று. மெல்ல மென்று விழுங்கிவிட்டு ஐந்தாவதுக்குக் குனிந்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், மூன்று வாரத்துக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை இப்போது பார்த்தார்.

மணி ஐந்தாகும்வரை அவர் தன் கையிலிருந்த அந்தக் கையுறையைக் கழற்றவில்லை. அதில் கீல் எண்ணெய் வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.